பழைய காரும் லப்டொப்பும்: செக்கனுக்கு ஒன்றரை அளவீடு போதாது

"இழுவை இல்லை", "பெற்றோல் குடிக்குது", "நாற்பதிலை ஒருக்கா உதறுது". கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ வவுனியாவிலோ கராச்சுக்கு வரும் பழைய கார்கள் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வரும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் ரொயோட்டா 110, 121, நிசான் எஃப்.பி.14 எல்லாம் ஓய்வெடுக்கவேண்டிய வயதிலும் குடும்பக் காராகவே ஓடின, இன்னும் ஓடுகின்றன. ஸ்கேனரைக் கொளுவினால் பிழை எண் ஒன்றும் இல்லை என்கிறது. கார் மட்டும் உதறுகிறது.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. பெடலோடு திறக்கும் காற்று வாயிலை அளப்பது த்ரொட்டில் சென்சர். அது தேய்ந்தால் சிக்னலில் விடும் வெட்டு 20 தொடக்கம் 50 மில்லிசெக்கன் வரைதான் நிற்கும். சாதாரண அடப்டரில் ஐந்து சென்சரைத் தெரிவுசெய்து பார்த்தால், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 600 மில்லிசெக்கனுக்கு ஒருக்காத்தான் அது எட்டிப் பார்க்கிறது. கதவைத் திறந்து பார்க்கும் நேரத்தில் கள்ளன் நிற்கமாட்டான்.

இந்த மந்தத்துக்குக் காரணம் லப்டொப்பும் அல்ல, சென்சரும் அல்ல. வயரில் எழுதிவைத்த காத்திருப்பு நேரங்கள். அதைக் கணக்காகப் பார்த்துவிட்டால் எங்கே வெட்டலாம் என்பது தானாகத் தெரியும்.

பழைய கார்களில் ஸ்கேனர் பேசும் ஒற்றை வயர் கே-லைன். ஐ.எஸ்.ஓ. 9141 விதிப்படி அதன் வேகம் 10,400 போட், அதாவது செக்கனுக்கு 10,400 பிட். ஒரு பைட்டுக்குப் பத்து பிட், ஆகவே 0.96 மில்லிசெக்கன். எஞ்சின் சுற்றைக் கேட்கும் கேள்வி 6 பைட். ஆனால் கேட்பவர் பைட்டுக்குப் பைட் 5 மில்லிசெக்கன் இடைவெளி விடவேண்டும் என்பது விதி, எனவே கேள்விக்கே 31 மில்லிசெக்கன். எஞ்சினை நடத்தும் கணினியான ஈ.சி.யு. பதிலைத் தொடங்க 25 தொடக்கம் 50 எடுக்கும். 30 என்று வையுங்கள். பதில் 8 பைட், 8 மில்லிசெக்கன். பதில் முடிந்தபின் அடுத்த கேள்விக்கு முன் 55 மில்லிசெக்கன் சும்மா இருக்கவேண்டும். கூட்டினால் 124. செக்கனுக்கு எட்டுக் கேள்வி. ஐந்து சென்சருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 1.6. தரவு உண்மையில் வயரில் ஓடுவது 14 மில்லிசெக்கன்தான், மிச்சம் எல்லாம் காத்திருப்பு.

இது ஏன் பிரச்சினை என்பதற்கு ஒட்சிசன் சென்சர் நல்ல உதாரணம். சூடான எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்தால் 10 செக்கனுக்குள் எட்டுத் தடவையாவது மேலும் கீழும் ஆடவேண்டும் என்பது ரொயோட்டாவின் பழைய கைநூல் அளவு. ஏறத்தாழ செக்கனுக்கு ஒரு ஆட்டம். அதை செக்கனுக்கு ஒன்றரைத் தடவை பார்த்தால், நல்ல சென்சரும் சோம்பேறியாகத் தெரியும், செத்த சென்சரும் உயிரோடு இருப்பதுபோலத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்து சென்சர் மாற்றுவது காசைக் குளத்தில் போடுகிற வேலை. செக்கனுக்குப் பத்துப் புள்ளியாவது வேண்டும்.

காருக்குக் கீழே குனிந்து பார்க்கவேண்டியது

ஸ்டியறிங்குக்குக் கீழே 16 பின் சொக்கற் இருந்தால் உடனே சந்தோசப்படவேண்டாம். ரோர்ச் அடித்து எந்தப் பின்களில் உலோகம் இருக்கிறது என்று பாருங்கள். 7ஆம் பின் இருந்து 6, 14 இல்லையென்றால் அது கே-லைன். 6உம் 14உம் இருந்தால் கான் என்ற புதிய, வேகமான இரட்டை வயர். அந்தக் காருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, ஒரே கேள்வியில் ஆறு சென்சர்வரை கேட்கலாம், பதிலும் சில மில்லிசெக்கனில் வந்துவிடும். 14 பின் சாம்பல் சொக்கற் என்றால் நிசானின் பழைய சோதனை முறையான கொன்சல்ற். போனற்றுக்குள் மூடி போட்ட கறுப்புப் பெட்டி மட்டும்தான் என்றால் ரொயோட்டாவின் பழைய சோதனைப் பெட்டி. காபரேற்றர் எஞ்சின் என்றால் கேட்பதற்கு உள்ளே ஆளே இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓடின ஒஸ்ரின் ஏ40 காருக்கு ஓடுகிறவரின் காதுதான் சென்சர்.

கொளுவமுன் மல்ரிமீற்றர். 16ஆம் பின்னில் பற்றறி வோல்ற், 4க்கும் 5க்கும் கிரவுண்ட், சாவி போட்டபின் 7ஆம் பின்னில் பற்றறி வோல்ற்றுக்கு அண்மையாக ஏதோ இருக்கவேண்டும். 7 பூச்சியத்தில் கிடந்தால் யாரோ அதை இழுத்துப் பிடிக்கிறார்கள். பிறகு பூட்டின அலாரமா, ஏ.பி.எஸ். பெட்டியா, எயார்பாக் பெட்டியா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். 16இல் ஒன்றும் இல்லையென்றால் பியூஸ். 2018 டிசெம்பர் வெள்ளம்போல ஒன்றில் நின்ற கார் என்றால், சீற்றுக்குக் கீழும் கிளவ் பொக்ஸுக்குப் பின்னும் உள்ள சொக்கற்களில் பச்சை பிடித்திருக்கும். அதைத் துடைக்காமல் லப்டொப்போடு மல்லுக்கட்டுவதில் பலனில்லை. எலி கடித்த வயரும் இங்கே அபூர்வம் அல்ல.

எல்ம் அடப்டரில் கிடைப்பதும் கிடைக்காததும்

கையில் இருப்பது அநேகமாக, காருக்கும் லப்டொப்புக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் எல்ம் 327 சிப்பின் நகல். "1.5" என்று அச்சடித்து வருவதை வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்கவேண்டும்: எல்ம் நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. "2.1" என்று வரும் மலிவு நகல்கள் பல கட்டளைகளை விளங்கிக்கொள்ளாது. சிலவற்றில் கே-லைனுக்கான பாகங்களே பூட்டப்படாமல் இருக்கும், கான் காரில் மட்டும் வேலை செய்யும். வாங்குமுன் கடைக்காரரின் புதுக் காரில் கொளுவிக் காட்டினால் அது சாட்சி அல்ல. பழைய காரில் கொளுவிக் காட்டச் சொல்லுங்கள்.

எல்மின் இயல்பான பழக்கம், பதில் வந்தபின்னும் வேறு யாராவது பேசுவார்களா என்று காத்திருப்பது. தொடக்க அமைப்பில் அது ஏறத்தாழ 200 மில்லிசெக்கன். இதைக் குறைக்க மூன்று வழி. ஏடி ஏடி 2 என்று கொடுத்தால் அது காரின் பழக்கத்தைப் பார்த்துக் காத்திருப்பைச் சுருக்கும். ஏடி எஸ்டி கட்டளையில் நேரத்தை நீங்களே குறைக்கலாம், ஒரு படி 4 மில்லிசெக்கன். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, கேள்வியின் கடைசியில் எத்தனை பதில் எதிர்பார்க்கிறீர்கள் என்று சேர்ப்பது: எஞ்சின் சுற்றைக் கேட்கும் 01 0சி என்பதற்குப் பதில் 01 0சி 1. ஒரு பதில் வந்த உடனே விட்டுவிடும். எதிரொலி, இடைவெளி, தலைப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். புளூரூத்தை விட யூ.எஸ்.பி. வயர் நல்லது, புளூரூத் ஒவ்வொரு கேள்விக்கும் தன் பங்குக்கு இழுத்தடிக்கும்.

இவ்வளவும் செய்தால் மேலே கணக்கிட்ட எட்டுக்கு அண்மையில் வரும். அதைத் தாண்டாது. ஆகவே ஐந்து சென்சர் கேட்காதீர்கள், இரண்டு கேளுங்கள். சுற்றும் ஒட்சிசனும் ஒரு ஓட்டம், சுற்றும் காற்றளவும் இன்னொரு ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் செக்கனுக்கு நாலு புள்ளி வரும். காசு செலவில்லாத வழி இதுதான். ஆனால் எல்லாத்தையும் ஒரே படத்தில் பார்க்கும் ஆசையில் பலர் இதைச் செய்வதில்லை.

வெறும் கேபிள்

விதியின் இடைவெளிகளைத் தொடவேண்டும் என்றால், மூளை இல்லாத கே-லைன் கேபிள் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கென்று விற்கும் "கே.கே.எல். 409.1" கேபிள் போதும், உள்ளே எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ளதைத் தேடுங்கள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் எல்9637டி சிப் கிடைத்தால் நீங்களே கட்டலாம்: சிப், கே-லைனில் இருந்து 12 வோல்ற்றுக்கு 510 ஓம் ரெசிஸ்டர், யூ.எஸ்.பி. சீரியல் பலகை, அவ்வளவுதான். மென்பொருளுக்கு ஃப்ரீடயாக் என்ற திறந்த நிரல் இந்த வகைக் கேபிளோடு பேசும். பைதன் தெரிந்தவர் பைசீரியலை வைத்துத் தாமே எழுதலாம்.

கேபிள் வந்த உடனே செய்யவேண்டியது லேற்றன்சி ரைமரைக் குறைப்பது. எஃப்.டி.டி.ஐ. டிரைவர் வந்த பைட்டுகளை 16 மில்லிசெக்கன் வைத்திருந்துதான் மேலே தரும். விண்டோஸில் டிவைஸ் மனேஜர், போர்ட், அட்வான்ஸ்ட் என்று போய் 16ஐ 1 ஆக்குங்கள். லினக்ஸில் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, அதில் 1 என்று எழுதவேண்டும். யூ.எஸ்.பி. மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது தொடக்கம். பழைய முறையில் 33 என்ற முகவரியை 5 போட் வேகத்தில் அனுப்பவேண்டும், ஒரு பிட்டுக்கு 200 மில்லிசெக்கன், மொத்தம் 2 செக்கன். இது லப்டொப்பால் சுகமாகச் செய்யலாம். கே-லைனின் பிந்திய முறையான கே.டபிள்யூ.பி.யின் விரைவுத் தொடக்கத்தில் வயரை 25 மில்லிசெக்கன் கீழே, 25 மேலே பிடிக்கவேண்டும், பிசகு 1 மில்லிசெக்கனுக்குள். விண்டோஸ் அந்த நேரத்தில் வேறு ஏதாவது பார்க்கப் போனால் கார் பேசாது. ஐந்துக்கு இரண்டு தடவை இணைகிறது என்றால் காரில் பிழை தேடாதீர்கள், திரும்ப முயலும்படி நிரலை எழுதுங்கள். முதல் தடவை எழுதுபவர் எல்லாரும் விழும் குழி இன்னொன்று: கே-லைன் ஒற்றை வயர் என்பதால் நீங்கள் அனுப்பியதே உங்களுக்குத் திரும்பி வரும். அதைப் படித்து எறிந்துவிட்டுத்தான் பதிலைப் பார்க்கவேண்டும்.

இப்போது வெட்டு. பைட்டுக்கு இடையிலான 5 மில்லிசெக்கனை எடுத்துவிட்டு ஆறையும் ஒரேயடியாக அனுப்பிப் பாருங்கள். பல ஈ.சி.யு. ஏற்றுக்கொள்ளும், 31 மில்லிசெக்கன் 6 ஆகும். பிறகு 55 என்ற ஓய்வை 50, 45, 40 என்று ஐந்து ஐந்தாக இறக்குங்கள். பதில் தவறத் தொடங்கும் இடத்தில் இருந்து பத்து மில்லிசெக்கன் மேலே ஏறி நில்லுங்கள். 20 வரை இறங்க முடிந்தால் ஒரு கேள்வியும் பதிலும் 64 மில்லிசெக்கன், செக்கனுக்கு ஏறத்தாழ பதினாறு கேள்வி. இரண்டு சென்சருக்கு எட்டு எட்டு. ஒட்சிசன் சென்சரைத் தனியாகக் கேட்டால் பதினாறு, மேலே சொன்ன பத்தைத் தாண்டியாயிற்று. ஈ.சி.யு. கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்தினால் 5 செக்கன் சும்மா விட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். இந்தச் சோதனையைக் காரை நிறுத்திவைத்துச் செய்யுங்கள், ரோட்டில் அல்ல.

ரொயோட்டாவில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சென்சர் சென்சராகக் கேட்காமல் 21 01 என்று கேட்டால், பல கார்கள் முப்பது சொச்சம் பைட்டை ஒரு கட்டாகத் தரும். ஒரு கேள்வியும் பதிலும் 150 மில்லிசெக்கன் எடுத்தாலும் எல்லாச் சென்சரும் செக்கனுக்கு ஆறு தடவைக்குமேல், அதுவும் ஒரே கணத்து அளவாக வரும். தனித்தனியாகக் கேட்கும்போது எஞ்சின் சுற்று ஒரு கணத்தது, காற்றளவு அரைச் செக்கன் பிந்தியது. இரண்டையும் ஒரே வரியில் வைத்து ஒப்பிடுவது தப்பு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே வந்த ரொயோட்டா 33க்குப் பதில் சொல்லாவிட்டால் 13 என்ற முகவரியிலும் 9,600 போட்டிலும் முயலுங்கள். எல்மில் அது ஏடி ஐஐஏ 13, ஏடி ஐபி 96.

கட்டில் எந்த பைட் எது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சாவி மட்டும் போட்டு, எஞ்சினை எழுப்பாமல் பெடலை மெல்ல அமத்துங்கள். ஏறுகிற பைட் த்ரொட்டில். குளிர்ந்த காரில் விடிய எடுத்த பதிவில் ஒரே அளவாக நிற்கும் இரண்டு பைட் தண்ணீர்ச் சூடும் காற்றுச் சூடும். 40ஐக் கழித்தால் செல்சியஸ் வருகிறதா என்று பாருங்கள். எஞ்சினை எழுப்பினபின் தண்ணீர் மட்டும் ஏறும். ஏ.சி.யைப் போட்டு நிறுத்தினால் மாறும் ஒற்றை பிட் ஏ.சி. சுவிட்ச். ஒரு மணித்தியால வேலை, பிறகு அந்த மொடலுக்கு எப்போதும் உதவும்.

நிசான் கொன்சல்ற்

இதில் பழையது புதியதை வெல்கிறது. 14 பின்னை 16 ஆக்கும் மாற்றியை வாங்கி எல்மைக் கொளுவினால் வேலை செய்யாது. கொன்சல்ற் வேறு மொழி. அதற்கென்ற யூ.எஸ்.பி. கேபிள் வேண்டும், சில ஈ.சி.யு. எதிர்பார்க்கும் 153.6 கிலோஹேட்ஸ் கடிகாரத் துடிப்பைத் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். வேகம் 9,600 போட். எஃப்எஃப் எஃப்எஃப் ஈஎஃப் என்று அனுப்பினால் 10 என்று பதில் வரும். ஈ.சி.யு. ஒவ்வொரு அளவையும் வைத்திருக்கும் எண்ணிட்ட இடம் பதிவேடு, எண்கள் எல்லாம் பதினாறடி எண்கள். பிறகு வேண்டிய ஒவ்வொரு பதிவேட்டுக்கும் முன்னால் 5ஏ போட்டு வரிசையாகச் சொல்லி, முடிவில் எஃப்0 அனுப்புங்கள். அதன்பின் கேட்கவே தேவையில்லை, 30 என்று சொல்லி நிறுத்தும்வரை ஈ.சி.யு. தானாகக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

00, 01 பதிவேடுகள் சேர்ந்து எஞ்சின் சுற்று, 12.5ஆல் பெருக்கவேண்டும். 08 தண்ணீர்ச் சூடு, 50ஐக் கழிக்கவேண்டும். 09 ஒட்சிசன், ஒரு படி 10 மில்லிவோல்ற். 14உம் 15உம் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம், நூறால் பிரித்தால் மில்லிசெக்கன். 16 பற்றவைப்பு நேரம், 110இல் இருந்து கழிக்கவேண்டும். பத்து பைட் கேட்டால் தலைப்போடு 12 பைட், 12.5 மில்லிசெக்கன், கணக்குப்படி செக்கனுக்கு 80 கட்டு. ஈ.சி.யு. இடைவெளி விடுவதால் கையில் கிடைப்பது அதைவிடக் குறையும், ஆனாலும் கே-லைன் கார்கள் பக்கத்தில் வராது. இருபது பதிவேடு கேட்கலாம் என்பதற்காகக் கேட்கவேண்டாம்.

வயரைவிட்டு இறங்கவேண்டிய இடம்

ஐடிலில் 750 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினில் செக்கனுக்கு 25 தடவை தீப்பிடிக்கிறது. ஒரு சிலிண்டர் தவறுவதையோ 30 மில்லிசெக்கன் த்ரொட்டில் வெட்டையோ கே-லைனில் எப்படி வெட்டினாலும் பிடிக்கமுடியாது. அப்போது ஈ.சி.யு.வைக் கேட்பதை விட்டுவிட்டு சென்சர் வயரையே கேட்கவேண்டும். சோதனைப் பெட்டி மட்டும் உள்ள பழைய ரொயோட்டாவுக்கும் இதுதான் வழி.

ஆர்டுயினோ நானோ என்ற சின்ன நுண்கணினிப் பலகை ஒன்று போதும். த்ரொட்டில், மனிபோல்ட் அழுத்தம் ஆகிய 5 வோல்ற் சிக்னல்களுக்கு 10 கிலோஓம் தொடராகவும், நானோ பின்னில் இருந்து கிரவுண்டுக்கு 100 நானோபரட் கப்பாசிற்றரும். ஒட்சிசனுக்கு 100 கிலோஓம். அந்தச் சென்சர் பாரம் தாங்காது. ஆறு சனலை செக்கனுக்கு 200 தடவை, ஒரு வரிக்கு 30 எழுத்து என்று அனுப்பினால் 6,000 பைட். 115,200 போட்டில் அது பாதி இடத்தைத்தான் பிடிக்கும்.

இங்கே பலர் தவறவிடுவது ஒப்பீட்டு வோல்ற், அதாவது நானோ அளவுகோலாக வைக்கும் வோல்ற். லப்டொப் யூ.எஸ்.பி. 5 என்று சொல்லி 4.7 தரும். நானோ அதை வைத்துத்தான் அளக்கிறது, எனவே எல்லா அளவும் கூடித் தெரியும். சென்சருக்குப் போகும் 5 வோல்ற்றை இரண்டு 10 கிலோஓமால் பாதியாக்கி ஒரு சனலில் சேர்த்து எழுதுங்கள், பிறகு த்ரொட்டிலையும் அழுத்தத்தையும் அதோடு விகிதமாகப் பாருங்கள். பாதியாக்காமல் கொடுத்தால் அந்தச் சனல் நானோவின் உச்ச அளவான 1023இல் முட்டிக்கொண்டு நிற்கும்.

சுற்றுக்கு ரொயோட்டா சோதனைப் பெட்டியின் ஐஜி கழித்தல் முனை இருக்கிறது. 2.2 கிலோஓம், வெளிச்சத்தால் சிக்னலைக் கடத்தும் பி.சி.817 ஒப்ரோகப்ளர், நானோவின் 2ஆம் பின். துடிப்புக்குத் துடிப்பு மைக்ரோசெக்கனில் நேரத்தை எழுதுங்கள். நாலு சிலிண்டருக்கு ஹேட்ஸை 30ஆல் பெருக்கினால் சுற்று. ஆனால் சுற்றைவிட இடைவெளிகளைப் பாருங்கள். நாலுக்கு ஒன்று ஒழுங்காக நீண்டால் ஒரு சிலிண்டர் தவறுகிறது. கொயிலின் கழித்தல் வயரில் நேரே கொளுவாதீர்கள்: அங்கே முந்நூறு நானூறு வோல்ற் துள்ளும், நானோவோடு லப்டொப்பும் போகும். இன்னொன்று, பற்றவைப்பு பார்க்க அதே பெட்டியின் டி.ஈ.1, ஈ1 முனைகளை இணைத்த துண்டு வயரைக் கழற்றிவிட்டுத்தான் ஓடவேண்டும். அது கிடந்தால் பற்றவைப்பு 10 பாகையில் பூட்டிக்கிடக்கும், பதிவு முழுக்கக் குப்பை.

வயரைக் கீறாதீர்கள், குத்தவும் வேண்டாம். கிளவ் பொக்ஸுக்குப் பின் உள்ள ஈ.சி.யு. சொக்கற்றின் பின்பக்கத்தால் மெல்லிய ஊசியை வயரோடு சேர்த்து உள்ளே விட்டால் போதும். குத்தின ஓட்டை மாரிக்குத் தண்ணீர் குடித்து, அடுத்த வருசம் புதுப் பிழையாக வரும். நானோவின் கிரவுண்ட் சென்சர் கிரவுண்டுக்கு மட்டும், காரின் பொடிக்கு அல்ல. லப்டொப் அதன் பற்றறியில் ஓடட்டும். இன்வேட்டரில் சார்ஜ் போட்டபடி அளந்தால் சிக்னலில் இரைச்சல் ஏறும். அதைவிட மோசம், கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றி, பெரிய கரண்ட் ஈ.சி.யு.வின் மெல்லிய தடத்தால் ஓடக்கூடும்.

ஓட்டம்

வன்னியில் ஏற்றம் இல்லை, ஆகவே எஞ்சினுக்குப் பாரம் கொடுக்க இரண்டாம் கியரில் 1,500இல் இருந்து 4,500 வரை முழுப் பெடலில் ஒரு எடுப்பு. 121இல் அது ஏறத்தாழ 60 கிலோமீற்றரில் முடிந்துவிடும், மூன்றாம் கியர் வேண்டாம். ஏ9இல் பஸ்களுக்கு நடுவில் இதைச் செய்யவேண்டாம். பூநகரியில் இருந்து மன்னார்ப் பக்கம் போகும் ஏ32இல் நீளமான நேர்த் துண்டுகள் இருக்கின்றன. மாடு எந்தப் பற்றைக்குள் இருந்தும் வரும், காலை வெயிலில் பாருங்கள். லப்டொப்பை இன்னொருவர் மடியில் வைத்திருக்கட்டும், ஓடுபவர் திரையைப் பார்க்கக்கூடாது. ஓடும்போது வரைபடம் வரைய விடாதீர்கள், கோப்பில் மட்டும் எழுதட்டும். ஒவ்வொரு வரியிலும் மில்லிசெக்கன் நேரம் இருக்கவேண்டும். உதறும் கணத்தில் மடியில் வைத்திருப்பவர் விசைப்பலகையில் ஒரு கட்டையைத் தட்டி அடையாளம் வைத்தால், பிறகு பத்தாயிரம் வரிக்குள் தேடவேண்டியதில்லை.

கிரவல் ரோட்டில் ஓடும் 121களில் அந்த எடுப்பில் அடிக்கடி தெரிவது காற்றளவு சென்சரின் அழுக்கு. 1.5 லீற்றர் எஞ்சினில் சூடான ஐடிலில் செக்கனுக்கு 1.5 தொடக்கம் 2.5 கிராம் என்று ஒழுங்காகவே காட்டும், 3,500க்கு மேல் கோடு படுத்துவிடும். ஐடிலில் மட்டும் பார்த்தவர் சென்சர் நல்லது என்று அனுப்பிவிடுவார். மாற்றமுன் அதற்கென்ற கிளீனரால் கழுவி, வடிகட்டியையும் வடிகட்டிப் பெட்டியின் விளிம்பையும் பாருங்கள். உள்பக்கத்தில் செம்மண் இருந்தால் தூசி வந்த வழி அதுதான். கழுவினபின் அதே ரோட்டில், அதே கியரில் இன்னொரு எடுப்பு எடுத்து இரண்டு கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள்.